மலையடிவாரத்துக் குடும்பஸ்தர்



சென்ற மாதம் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். கிரிவலம் வருகிறவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பத்திரிகைக்காரப் புத்தி எங்கே போகும்? 14 கிலோ மீட்டரும் நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சினிமா, கட்சி மாநாடு, காதணி விழா, இவற்றுக்கு நடுவே ஒரு 'கண்ணீர் அஞ்சலி'. அதில் ஒரு படம். பிறந்த தேதி, மறைந்த தேதி. கீழே, குடும்ப விளக்கு அணைந்து போனதாக ஒரு வரி. பத்து அடி தள்ளி இன்னொரு படம். ஆள் வேறு, வரி அதேதான். அச்சகத்தில் நாலைந்து வாசகங்களைத் தயாராக வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அழுது சிவந்த கண்களோடு வருகிற பிள்ளை, "இரண்டாவதையே போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த வேளையில் யாருக்குத்தான் வார்த்தை வரும்?

ஆனால் வருஷம் ஒன்று போன பிறகாவது நமக்கு வார்த்தை வருகிறதா? அதுதான் என் கேள்வி.

"உங்கள் அப்பா எப்படிப்பட்டவர்?" என்று யாராவது கேட்கட்டும். நம்மில் பலர் என்ன சொல்வோம்? "பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. உத்தியோகம் பார்த்தார். எங்களைப் படிக்க வைத்தார். எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வைத்தார். அவ்வளவுதான்" என்போம். அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதில் ஒரு மனிதருடைய நாற்பது வருஷ காலம் அடங்கிவிடுகிறது!

திருவண்ணாமலை போன்ற ஊரில் குடும்பஸ்தருடைய மதிப்பு இன்னும் ஒரு படி இறங்கிவிடும். ஏனென்றால் அந்த ஊரின் பெருமையே, வீட்டை விட்டு வந்தவர்களால் ஆன பெருமை. 1896-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், மதுரையில் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், அண்ணாவின் காலேஜ் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் புறப்பட்டான். செப்டம்பர் முதல் தேதி அருணாசலேசுவரர் சந்நிதியில் வந்து நின்றான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் வணங்கியது அந்தப் பையனைத்தான். இப்படிப்பட்டவர்கள் பெயர் விளங்கும் ஊரில், கறிகாய்ப் பையைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புகிற மனிதரை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு செங்கம் சாலையில் ரமணாசிரமத்தருகே வந்தபோதுதான், அந்த வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் ஒன்றில் அடக்கமாகியிருக்கும் ஒருவருடைய ஞாபகம் எனக்கு வந்தது. அவர் சந்நியாசி அல்லர். ஒரு பெண்மணிக்குக் கணவர். மூன்று குழந்தைகளுக்குத் தகப்பனார். பெயர் ஆர்தர் ஆஸ்பர்ன்.

வெள்ளைக்காரரா என்கிறீர்களா? ஆமாம், வெள்ளைக்காரர்தான். இருந்தாலும் அவர் கதையைக் கேட்டால், நம் வீட்டு மனிதர் ஒருவருடைய கதை போலவே உங்களுக்குத் தோன்றும்.

* * *

ஆஸ்பர்ன் 1906-ல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் சரித்திரம் படித்தார். அந்தப் படிப்புக்கு அங்கேயே ஆசிரியர் பதவியும் அந்தஸ்தும் கிடைத்திருக்கும். ஏனோ அவருக்கு அந்த வாழ்க்கை வறண்டதாகத் தோன்றியது. போலந்து தேசத்துக்குப் போய் ஆங்கிலம் கற்பித்தார். அங்கேதான் லூசியாவைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு சயாம் தேசத்தில் உத்தியோகம். பாங்காக்கில் சூலலாங்கார்ன் சர்வகலாசாலையில் விரிவுரையாளர். மூத்தது பெண். அடுத்தவன் ஆடம், 1939 மார்ச்சில் பாங்காக்கில் பிறந்தான். பிறகு ஒரு பெண் குழந்தை.

1941 செப்டம்பரில் விடுமுறைக்காகக் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தார்கள். கீழ்த்திசையில் யுத்த மேகம் கறுத்துக்கொண்டிருந்த சமயம் அது. விடுமுறை முடிந்து தாம் மட்டும் வேலைக்குத் திரும்பிவிட்டு, மனைவியையும் குழந்தைகளையும் பத்திரமான இடத்தில் விட்டுச் செல்வதென்று ஆஸ்பர்ன் தீர்மானித்தார். திருவண்ணாமலையில் மகரிஷியின் பக்தரான டேவிட் மக்ஐவர் என்ற நண்பர் தம் வீட்டைக் கொடுத்து உதவினார். லூசியா மூன்று குழந்தைகளோடு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்பர்ன் பாங்காக்குக்குத் திரும்பினார்.

அதே வருஷம் டிசம்பர் 8-ந் தேதி ஜப்பானியப் படை சயாமுக்குள் புகுந்தது. ஆஸ்பர்னைப் பிடித்துக் கைதிகள் முகாமில் போட்டார்கள். மூன்றரை வருஷம்!

* * *

இனிக் கொஞ்ச நேரம் அந்த மனிதரை முகாமில் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் வாருங்கள். லூசியாவைப் பாருங்கள்.

பாஷை தெரியாத ஊர். வெயில் எப்படிப்பட்டதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த போலந்து தேசமோ 1939-லேயே யுத்தத்தில் சிக்கிச் சீரழிந்துவிட்டது. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, முன்னால் ஓடுவது ஒன்று. புருஷன் எதிரிகள் கையில். உயிரோடிருக்கிறாரா இல்லையா என்று சொல்வார் யாருமில்லை. துக்கப்பட்டால் அபசகுனம், நம்பிக்கை வைத்தால், ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள் அது பொய்த்துவிடுமோ என்று பயம். இப்படிக் காத்திருப்பதைவிடப் பெரிய தவம் மலைமேல் குகையில் உட்கார்ந்து செய்கிற தவமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியுமா? அவர்கள் ஆசிரமத்தைத் தங்கள் வீடாக்கிக்கொண்டார்கள்.

முதல் நாளே ஒரு வேடிக்கை நடந்தது. ஐந்து வயதான மூத்த பெண், மகரிஷிக்குக் காணிக்கையாகப் பழத் தட்டு எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். காணிக்கை வைப்பதற்காக மகரிஷியின் ஆசனத்தருகில் சிறு முக்காலி ஒன்று இருக்கும். அதைக் காட்டி, அங்கே வைக்கும்படி சைகை செய்தார்கள். குழந்தை என்ன புரிந்துகொண்டாளோ, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த முக்காலியின் மேல் தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள்! மண்டபம் முழுவதும் ஒரே சிரிப்பு. தன்னையே காணிக்கையாகக் கொடுத்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்களாம்.

ஆடமைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். அப்பாவைப் பற்றி ஒரு செய்தியும் வராத அந்த நாட்களில், சிறுவன் நேராக மகரிஷியிடம் போய், யுத்தத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். மகரிஷி புன்னகையோடு தலையசைத்தார். பக்தர்கள் லூசியாவிடம், இனிக் கவலைப்பட வேண்டாம், பகவான் தலையசைத்தால் போதும் என்றார்கள்.

தலையசைப்பினால்தான் திரும்பி வந்தாரா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஒன்று கவனியுங்கள். வீட்டை விட்டு வந்த அந்தப் பெரியவர், இன்னொரு வீட்டுக் குழந்தை தன் அப்பாவைக் கேட்டபோது, பந்தபாசமெல்லாம் மாயை என்று உபதேசம் செய்யவில்லை. சரியென்று தலையை ஆட்டினார்.

* * *

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அதன் பிறகுதான் ஆஸ்பர்ன் திருவண்ணாமலைக்கு வர முடிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா போனபோது ஆடமுக்கு இரண்டரை வயது. வந்தபோது ஆறரை. ஒரு குழந்தை பேசக் கற்றுக்கொண்டு, ஓடக் கற்றுக்கொண்டு, பல் விழுந்து முளைக்கிற பருவம் முழுவதும் அந்தத் தகப்பனாருக்கு நஷ்டம். எந்தச் சர்க்கார் அந்த நஷ்டத்துக்கு ஈடு கொடுக்க முடியும்?

அவர் வந்தவுடனே மகரிஷியைப் பார்த்தார். தலையில் இடி விழுந்தாற்போல் ஒரு அனுபவமும் அப்போது உண்டாகவில்லை. சில நாட்களுக்குப் பிறகு, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சாயங்காலம் மகரிஷி நிமிர்ந்து உட்கார்ந்து தம்மை நேராகப் பார்த்த அந்தப் பார்வைதான் தம் உள்ளத்தை ஆட்கொண்டது என்று பிற்பாடு எழுதினார். அது கார்த்திகை தீபமா, தீபாவளியா என்பது அவருக்கே சரியாக ஞாபகமில்லை. வாழ்க்கையில் மிகப் பெரிய நாள் என்று சொல்லிவிட்டு எந்தத் தேதி என்பதை மறந்துவிடுவது, நம் வீட்டுப் புருஷர்களை ஞாபகப்படுத்தவில்லையா உங்களுக்கு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. குரு கிடைத்துவிட்டார். உட்கார்ந்து தியானம் செய்ய மலை இருக்கிறது. மூன்றரை வருஷம் சிறையிலிருந்து வந்தவர், "இனி எனக்கு உலகமே வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் யாராவது தடுத்திருப்பார்களா? அந்த ஊரில் அதற்கு மாலைகூடப் போட்டிருப்பார்கள்!

ஆனால் மகரிஷியோ, சந்நியாசம் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டு வந்த இல்லறத்தாரை ஊக்குவித்ததே இல்லை. காட்டுக்குப் போனாலும் மனசும் கூடவே வருமே, அதை எங்கே விட்டுவிட்டுப் போவாய் என்ற மாதிரிதான் அவருடைய பதில் இருக்கும். இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு, செய்கிற வேலையைச் செய்துகொண்டே, 'நான் யார்?' என்று பார் என்பார்.

ஆஸ்பர்ன் அதைத்தான் செய்தார். மூன்று குழந்தைகள் உள்ள வீட்டுக்குச் சம்பளம் வேண்டாமா? சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் உதவி ஆசிரியராக வேலைக்கு அமர்ந்தார். பத்திரிகை ஆபீஸ் வேலை எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். அச்சுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கும்போது, ஞான விசாரம் செய்வதிருக்கட்டும், ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட ஓய்வு கிடைக்காது. பிறகு கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராகப் போனார். அதற்குள், 1950 ஏப்ரல் 14-ந் தேதி, மகரிஷியும் மறைந்துவிட்டார். குரு இருக்கிற மலையடியில் உட்கார்ந்திருக்க வேண்டுமென்ற ஆசை எவ்வளவோ இருந்திருக்கும். குருவும் போனார். ஆனால் மாதம் பிறந்தால் வீட்டுச் செலவு நிற்குமா? கணவருடைய மனசில் என்ன இருந்தது என்பதை அவர் சொல்லாமலே அறிந்துகொள்ளும் சாமர்த்தியம் உங்களுக்கு உண்டு. நான் விரிக்கவில்லை.

1954-ல் ஆஸ்பர்ன் மகரிஷியின் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். டாக்டர் ராதாகிருஷ்ணன் அதற்கு முன்னுரை எழுதினார். மேல்நாட்டார் எத்தனையோ பேர் மகரிஷியை அறிந்துகொண்டது அந்தப் புத்தகத்தினால்தான். அதை நான் படித்திருக்கிறேன். தத்துவம் நிறைய இருக்கிறது. மெதுவாகப் படிக்க வேண்டிய புத்தகம். ஆனால் என் மனசில் தங்கிப்போனது வேறு. மகா ஞானியின் சரித்திரத்தில், அவர் தம் குழந்தைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். முக்காலியில் ஏறி உட்கார்ந்த கதையும் அங்கே வருகிறது.

அந்த முக்காலிச் சம்பவம் நடந்தபோது ஆஸ்பர்ன் அங்கே இல்லை! அவர் கண்ணால் காணாத காட்சி அது. அந்தச் சிரிப்பு அவர் காதில் விழவில்லை. பிறர் சொல்லித்தான் கேட்டிருக்க வேண்டும். நாலு வருஷத்துக் குழந்தைப் பருவத்தைப் பறிகொடுத்த தகப்பனார், மற்றவர்கள் வாயிலிருந்து அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்து, தம்முடைய புத்தகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

* * *

1958-ல் தம்பதிகள் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தார்கள். ஆஸ்பர்ன் மேலும் புத்தகங்கள் எழுதினார்; மகரிஷியின் நூல்களை ஆங்கிலத்தில் தொகுத்து 1959-ல் வெளியிட்டார். 1964 ஜனவரியில் ஆசிரமத்திலிருந்து 'மவுண்டன் பாத்' என்ற காலாண்டுப் பத்திரிகையைத் தொடங்கி அதற்கு ஆசிரியரானார். அந்தப் பத்திரிகை இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

1970 மே 8-ந் தேதி பெங்களூரில் காலமானார். உடலைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்து, அவருடைய வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். 

பிறகு லூசியா என்ன செய்தார்? கணவர் உட்கார்ந்திருந்த ஆசிரியர் நாற்காலியில் தாம் அமர்ந்து, சில வருஷங்கள் அந்தப் பத்திரிகையை நடத்தினார். புருஷனுக்காக ஒரு தடவை காத்திருந்த அதே ஊரில், திரும்பி வர மாட்டார் என்று தெரிந்த பிறகும் வாழ்ந்தார். 1987-ல் அவரும் மறைந்தார்.

அப்பாவைக் கேட்ட அந்தப் பையன் ஆடம் என்ன ஆனான் என்று அறிய ஆவலாக இருக்குமே? தமிழ் பேசிக்கொண்டு வளர்ந்தவன், 1950-ல் பதினோரு வயதில் இங்கிலாந்துக்குப் போனான். பிறகு அமெரிக்கா. 1981-ல் கைப்பிடியோடு பெட்டி போலத் தூக்கிச் செல்லக்கூடிய 'ஆஸ்பர்ன் 1' என்ற கம்ப்யூட்டரைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்றான். இல்லை, பெற்றார் என்று சொல்ல வேண்டும்! 1,795 டாலர் விலை. சுமார் 11 கிலோ எடை. இன்று உங்கள் பிள்ளை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறானே மடிக்கணினி, அதற்கு அது பாட்டனார் முறை. வந்த வேகத்திலேயே கம்பெனி 1983-ல் திவாலாகிவிட்டது. பிற்பாடு உடம்பும் கெட்டது. 1992-ல் அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்துவிட்டார். கோடைக்கானலில் அவருடைய சகோதரி அவரை வைத்துப் பராமரித்தார். 2003 மார்ச் மாதம் அங்கேயே காலமானார்.

புகழ் வந்தது, போயிற்று. பணம் வந்தது, போயிற்று. கடைசியில் சேர்ந்துகொள்ள ஒரு வீடு இருந்தது. பார்த்துக்கொள்ள உடன்பிறந்தவள் இருந்தாள். தகப்பனார் மூன்றரை வருஷச் சிறைக்குப் பிறகு தேடி வந்து, கட்டிக் காத்த குடும்பம், அவர் கண்மூடி முப்பது வருஷத்துக்குப் பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இதைக் 'கண்ணீர் அஞ்சலி'யில் எந்த வரியில் எழுதுவது? அச்சகத்தில் இருக்கும் நாலைந்து வாசகங்களில் இதற்கு ஒன்றும் பொருந்தாது.

* * *

அந்த மூத்த பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்லி முடித்துவிடுகிறேன். வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அவள் மகரிஷியிடம் போய், தன்னை மறந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாளாம். அவள் தம்மை நினைத்தால் தாமும் அவளை நினைப்பதாக மகரிஷி பதில் சொன்னார். ஞாபகம் வைத்துக்கொள்வது இரண்டு பக்கமும் செய்ய வேண்டிய காரியம் என்பதைக் குழந்தைக்குப் புரியும்படி அவர் சொல்லிவிட்டார்.

நம் அப்பாக்களுக்குச் சரித்திரம் எழுத ஒருவரும் வரப்போவதில்லை. ஆகையால் அந்த வேலையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். பெரிய புத்தகம் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வருஷத் திவசத்துக்கு எல்லாரும் கூடுவீர்கள் அல்லவா? சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நோட்டை எடுங்கள். 'நல்லவர், பாசமுள்ளவர்' என்றெல்லாம் எழுத வேண்டாம்; அது சுவரொட்டிக்கு. முதல் சம்பளம் எவ்வளவு, அதில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார் என்று அத்தையைக் கேளுங்கள். உங்களுக்கு டைபாய்டு கண்டபோது எத்தனை ராத்திரி விழித்தார் என்று அம்மாவைக் கேளுங்கள். எந்த வேலையை எங்களுக்காக வேண்டாமென்று விட்டார் என்றும் கேளுங்கள். அம்மா முதலில், "அதெல்லாம் எதற்கு இப்போது?" என்பாள். கொஞ்சம் பொறுத்திருங்கள். சொல்லுவாள்.

முக்கியமாக, அவர் பக்கத்தில் இல்லாதபோது நடந்தவற்றையும் எழுதுங்கள். அவர் வெளியூரில் வேலை பார்த்த வருஷங்களில் நீங்கள் விழுந்தது, எழுந்தது, பள்ளிக்கூட நாடகத்தில் வேஷம் போட்டது எல்லாம். பார்க்க முடியவில்லையே என்று அவருக்கு எவ்வளவு ஏக்கமோ!

கிரிவலம் முடித்து ராஜகோபுரத்தின் முன்னால் வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. என் முன்னால் ஒருவர் நடந்து போனார். தூங்கிவிட்ட குழந்தை ஒன்று அவர் தோளில். இன்னொரு கையில் மனைவியின் செருப்பு, தண்ணீர் பாட்டில், பிரசாதப் பை. மனைவி கையை வீசிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நடந்தாள். அவர் மலையைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் தலை சரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு போனார்.